களையா, நடவா?

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்த டைரி இனாமாக வந்தது. கூடவே உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயும் வந்தது. விதைப்பு முடிந்ததும் குழாயை வயலில் புதைத்துவிட்டு, தினமும் காலையில் அதற்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்து டைரியில் எழுத வேண்டுமாம். கொடுத்தது பெனாசிர். கூத்தாநல்லூர்ப் பெண், விவசாயம் படித்துவிட்டு இந்தத் திட்டத்தில் வேலை பார்க்கிறது.

விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லைதான். ஆனால் நான் முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். காலி வரியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும்.

விஷயம் இதுதான். வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைத்தால் சேற்றிலிருந்து ஒரு வாயு கிளம்புகிறதாம். அது பூமியைச் சூடாக்குகிறதாம். அதனால் இந்தச் சம்பாவுக்கு நாற்றங்கால் கிடையாது, நாற்றுப் பறிப்பது கிடையாது, நடவு கிடையாது. விதையை நேராக வயலிலேயே விதைத்துவிட்டு, காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். விளைகிற நெல்லைக் கூடுதல் விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஊரில் முதல் ஆளாக என்னுடைய நாலு ஏக்கரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வரப்பில் என் பெயர் போட்டு போர்டு வைப்பார்கள்.

திட்டத்தில் தப்பில்லை. புயல் வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் பஸ்ஸைத் தள்ளியவன் நான். வானம் கெட்டுப்போனது எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரி குஞ்சிதத்திடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நடவுக்கு வர்ற காசாம்பு?" என்றாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை.

செப்டம்பர் 5

காலையில் டீக்கடைக்குக் குளத்துத்தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டு, வாய்க்கால் கரையோடு சுற்றிக்கொண்டு போகிறேன். சர்க்கரைக்கு நடப்பது நல்லது என்று டாக்டர் எப்போதோ சொன்னது.

செப்டம்பர் 12

விதைப்பு முடிந்தது. ஓட்டை போட்ட டிரம்மில் முளைகட்டிய விதையைப் போட்டு இரண்டு ஆட்கள் சேற்றில் இழுத்துக்கொண்டே போனார்கள். பலகாரத்துக்கு உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் பாதி வயல் ஆகிவிட்டது. மத்தியானம் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மற்ற வருஷங்களில் இந்த வயலுக்கு நடவு என்றால் காசாம்புவையும் சேர்த்துப் பத்தொன்பது பேர் இறங்குவார்கள். காசாம்பு குளத்துத்தெருக்காரி. என் வயதுதான் இருக்கும். எத்தனை ஏக்கருக்கு எத்தனை பேர், யார் எந்த வரிசை, யாருக்கு இடுப்பு வலி, எல்லாம் அவள் கையில். பாட்டு, குலவை, கேலி என்று வயல் இரண்டு நாளைக்குக் கல்யாண வீடு போல இருக்கும். அந்தப் பக்கம் யாராவது வரப்பில் வந்து மாட்டினால் தொலைந்தார்கள். காலடியில் நாற்றுமுடியை வைத்து மறித்துவிடுவார்கள். காசு கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். வயல்காரனான எனக்கும் விலக்குக் கிடையாது. கடைசி நாளில் என்னை மறித்துப் பையைக் காலி செய்யாமல் கரையேற மாட்டார்கள்.

இன்று அந்தச் செலவு மிச்சம்.

குஞ்சிதம் பழக்க தோஷத்தில் வெற்றிலையும் சீவலும் கவுளி கவுளியாக வாங்கி வைத்திருந்தாள். "யாருக்கு?" என்றேன். ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

செப்டம்பர் 13

குழாய் புதைத்தாயிற்று. தண்ணீர் மண் மட்டத்தில் நிற்கிறது.

செப்டம்பர் 16

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் காசாம்பு. தப்பிக்க வழியில்லை.

"என்ன கண்டக்டரய்யா, ஆளையே காணோம்? ரூட்ட மாத்திட்டீங்களாமே."

"சர்க்கரைக்கு நடக்கிறேன்" என்றேன்.

"நடங்க நடங்க. நாத்துதான் விடல போலருக்கு."

அவளுக்கு எல்லாம் தெரியும். வயலைத் தாண்டித்தானே போகிறாள். இருந்தாலும் பெனாசிர் சொன்னதை எல்லாம் சொன்னேன், தண்ணீர், வாயு, சூடு என்று. கடைசியில், "பூமிக்கு நல்லதுன்னா செய்ய வேண்டியதுதான். அந்தப் பூமியிலதான நாங்களும் இருக்கோம்" என்றாள்.

எனக்கு நிம்மதியாகப் போயிற்று. "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. எங்கள எந்த ஸ்டாப்புல எறக்கி விடுறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சர்க்கரை இந்த மாதம் பரவாயில்லை, கட்டி இல்லாமல் இருக்கிறது.

செப்டம்பர் 20

பயிர் முளைத்துவிட்டது. கோடு போட்ட நோட்டு மாதிரி வரிசை வரிசையாக. போர்டும் வந்துவிட்டது. "முன்னோடி விவசாயி திரு. அம்பலவானன்" என்று போட்டிருக்கிறார்கள். ண போய் ன வந்துவிட்டது. பெனாசிர் வருத்தப்பட்டது. நான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, எல்லோரும் போன பிறகு இன்னொரு தடவை நின்று படித்தேன்.

என் போர்டைப் பார்த்துவிட்டு இன்னும் ஆறு பேர் நாற்றங்கால் போடவில்லை. நேரடி விதைப்புதான். ஊரே என் பின்னால் வருகிறது.

செப்டம்பர் 22

தண்ணீர் நாலு விரல் கீழே. குஞ்சிதம் அந்த வெற்றிலையைக் குப்பையில் கொட்டிவிட்டாள். அழுகிவிட்டதாம்.

செப்டம்பர் 30

கண் பட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். நாலு நாளைக்கு முன்னால் பெய்த மழையில் பள்ளமான இடத்து முளை எல்லாம் அழுகி, மீதியைப் புறாவும் மைனாவும் பார்த்துக்கொண்டன. இப்போது ஒரு பக்கம் தலைவாரக் கூட முடியாத அடர்த்தி, இன்னொரு பக்கம் என் மண்டை போல வழுக்கை.

பெனாசிர் வந்து பார்த்தது. பதறவில்லை. "இது சகஜம் சார். அடர்த்தியா இருக்கற எடத்துல பிடுங்கி, காலியா இருக்கற எடத்துல ஊன்றிடணும். இடைநிரப்புன்னு பேரு."

"மிஷின் இருக்கா?"

"கையாலதான் சார் செய்யணும்."

ஒன்பதாம் தேதி சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வருகிறாராம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

பிடுங்கி ஊன்றுவது என்றால் அது நடவு ஆகிவிடாதா, உங்கள் படிவத்தில் தகராறு வராதா என்று கேட்டேன். "நடவுங்கற எடத்துல இல்லன்னுதான் சார் போட்டிருக்கேன். அத மாத்த வேணாமே" என்றது. பாவம், அதற்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நடவு இல்லை என்றால் நடவுக் கூலியும் இல்லை. களைக் கூலி நடவுக் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

அக்டோபர் 1

"காசாம்புகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லிடேன்" என்று குஞ்சிதத்திடம் சொன்னேன்.

"போர்டுல எம் பேரா போட்டிருக்கு?" என்றாள்.

அக்டோபர் 3

போய்விட்டு வந்துவிட்டேன். காசாம்பு வீட்டு வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். வேலை இருக்கிறது என்று நின்றுகொண்டே பேசினேன்.

"ரெண்டு நாள் வேலை இருக்கு. களை."

"களையா? ஒங்க வயல்ல களை இல்லியே. பாத்துட்டுத்தான வர்றேன்."

"கொஞ்சம் களை. அப்பறம் அங்கங்க பயிரைக் கலைச்சுக் காலி எடத்துல ஊன்றணும்."

"ஊன்றதுக்கு என்ன பேரு கண்டக்டரய்யா?"

"இடைநிரப்பு."

மீனை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "அது எந்த ஊரு வண்டி? நம்ம பக்கம் வந்ததே இல்லியே."

மறுபடி மீனை எடுத்து அலசினாள். பிறகு, "எல்லாரும் நேரா வெதச்சுட்டீங்க. இந்த வருசம் எங்க ஆளுங்க சேத்துலயே கால் வைக்கல. தீவாளி வருது. களைன்னு சொன்னாலும் வருவோம், களைக்கூலின்னு சொன்னாலும் வருவோம். வராம எங்க போவோம்?" என்றாள்.

பேரமே இல்லாமல் முடிந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது.

ராத்திரி வாழைக்காய் வறுவல் வாயில் வைக்க விளங்கவில்லை. குஞ்சிதத்திடம் சொன்னதற்கு, "எப்பவும் போலத்தான் இருக்கு" என்கிறாள்.

அக்டோபர் 8

காலையில் பத்தொன்பது பேரும் வந்து இறங்கினார்கள். வேலை சுத்தம். பிடுங்கிய கையும் தெரியவில்லை, ஊன்றிய கையும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் பாதி வழுக்கை மறைந்துவிட்டது.

பாட்டு இல்லை. குலவை இல்லை. ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வதுகூட இல்லை. களை எடுக்கும்போது அப்படித்தான். களைக்குப் பாட்டு கிடையாது. டீ கொண்டுவந்த குஞ்சிதம், "என்னங்க, எழவு வீடு மாதிரி இருக்கு" என்றாள். அமைதியாக வேலை நடந்தால் நல்லதுதானே என்றேன். வரப்பில் நின்று பார்த்தேன். சேற்றில் கை போய்வரும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அங்கே நிற்பது எனக்கே ஒரு மாதிரி இருந்ததால் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தண்ணீர் எழுத மறந்துவிட்டேன். மண் மட்டம்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். அதிகாரி, கேமராவோடு இரண்டு பேர், முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்த பெனாசிர். நான் சலவை வேட்டி. அதிகாரி நல்ல மாதிரி. பேண்ட்டை மடித்துக்கொண்டு தானே குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்த்தார். என் டைரியைக் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இதைப் போய் எப்படிக் காட்டுவது?

பெண்கள் கடைசித் துண்டில் இருந்தார்கள். அதிகாரி வரப்போடு அவர்கள் பக்கம் நடந்தார். பக்கத்தில் போனதும் நின்று, தன் காலடியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"என்னம்மா, என்னை மறிக்க மாட்டீங்களா? நானும் கும்பகோணம் பக்கந்தான். எங்க ஊர்ல நடவு நடக்கற வரப்புல சும்மா போக விட மாட்டாங்களே" என்று சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

காசாம்பு நிமிர்ந்தாள். சேற்றுக் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்கய்யா. இது களைங்க. களைக்கு வாங்கற வழக்கம் கெடையாது."

"கையில நாத்து இருந்துச்சே?"

"எங்களக் கேட்டா என்னங்கய்யா தெரியும்? டிக்கெட்டு கிழிச்சவரு அந்தா நிக்கிறாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "இடைநிரப்புங்க சார். நேரடி விதைப்புல இது சகஜம்" என்றேன். பெனாசிர் தலையை ஆட்டியது. அதிகாரி நோட்டை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். எல்லோரும் புங்க மரத்தடிக்கு இளநீர் குடிக்கப் போனார்கள்.

நானும் போயிருக்க வேண்டும். வரப்பிலேயே நின்றுவிட்டேன். பத்தொன்பது பேரும் மறுபடி குனிந்துவிட்டார்கள். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. தீபாவளி முன்னால் நிற்கும்போது, நீட்டிய காசை வேண்டாம் என்றாள் அவள். வாங்கியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நான்தான் அவள் வேலையின் பெயரைப் பிடுங்கிக்கொண்டேன். பெயர் போனதால் கூலி போயிற்று, பாட்டு போயிற்று, நீட்டின காசும் போயிற்று. எனக்கு மட்டும் போர்டில் பெயர். அதில் ஒரு எழுத்து தப்பாகப் போனதற்கு நான் நாலு நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

குஞ்சிதம் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் மஞ்சள் பை. மறுபடியும் வெற்றிலையும் சீவலும் வாங்கியிருந்தாள்.

"குடுக்கறதா, திருப்பி எடுத்துட்டுப் போறதா? சொல்லிடுங்க" என்றாள்.

கடைசி ஊன்றல் முடிந்து பெண்கள் கரையேற வந்தார்கள். நான் வரப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"வழி விடுங்க கண்டக்டரய்யா. கை கால் கழுவணும்."

"நீங்கதான் என்னை மறிக்கணும்" என்றேன்.

"எதுக்கு?"

"நடவு முடிஞ்சிருக்குல்ல."

காசாம்பு என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. "நடவுன்னா நடவுக்கூலி."

"ஆமா."

"ரெண்டு நாளைக்கும்."

"ரெண்டு நாளைக்கும்."

"இப்புடி எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா எப்புடி? கடேசி சீட்டுல இருக்கறவங்களுக்குக் கேக்க வேணாமா?"

எனக்கு வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். பொங்கல் கூட்டத்தில் படிக்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி ஊர் பெயரைக் கூவுவேனே, அந்தக் குரல் அப்படியே இருந்தது.

"நடவு! நடவு! நடவே!"

புங்க மரத்தடியில் அதிகாரி திரும்பியதில் இளநீர் சட்டையில் கொட்டிவிட்டது. பெனாசிர் தலையில் கை வைத்துக்கொண்டது. காசாம்பு கையில் மிச்சமிருந்த பயிரை ஒரு தோகையால் முடிந்து, என் காலடியில் வைத்தாள். அதன் பிறகுதான் சிரித்தாள். குலவை எழும்பியது பாருங்கள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

பையில் இருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். நான் எண்ணாமல் கொடுத்த காசு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். குஞ்சிதம் ஒவ்வொருத்திக்கும் வெற்றிலை கொடுத்தாள்.

அக்டோபர் 10

தொண்டை கட்டிவிட்டது. குஞ்சிதம் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், கேட்காமலே.

பெனாசிர் வந்தது. கோபமாக வந்தது என்று நினைக்கிறேன். "நேத்து எனக்கு உயிரே போயிடுச்சு சார். மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றது. கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே சொன்னது. போகும் வழியில் வண்டியில் அதிகாரி கேட்டாராம், நடவு இருந்த வருஷங்களில் இந்த ஊரில் அந்தப் பெண்களுக்கு எத்தனை நாள் வேலை இருந்தது, இப்போது எத்தனை நாள் என்று. இது படிவத்தைப் புரட்டிப் பார்த்ததாம்.

"படிவத்துல தண்ணிக்குக் கட்டம் இருக்கு, மருந்துக்கு இருக்கு, காத்துக்குக்கூட இருக்கு. அவங்களுக்குக் கட்டமே இல்ல சார்."

"போட்டுடேம்மா ஒண்ணு" என்றேன். என் குரலில் காற்றுதான் வந்தது.

திங்கட்கிழமை அடுத்த வருஷத்துத் திட்டம் பற்றி விவசாயிகள் கூட்டம் இருக்கிறது. அதற்கு அந்தப் பெண்களும் வர வேண்டும் என்றேன். "விவசாயிகள் கூட்டம்னுதான் சார் போட்டிருக்கோம்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டது. பிறகு, "வரச் சொல்லுங்க. மேல நான் பேசிக்கிறேன். ஆனா இருவது நாற்காலிக்கு மேல எங்ககிட்ட இல்ல" என்றது.

நேரடி விதைப்புப் போட்ட ஆறு பேரில் மூன்று பேர் என்னோடு பேசவில்லை. அவர்கள் வயலிலும் வழுக்கை இருக்கிறது. இனி அவர்களும் நடவுக்கூலிதான் கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் முகத்துக்கு நேராக, "நீ நல்ல பேரு வாங்கறதுக்கு நாங்க காசு குடுக்கணுமா?" என்று கேட்டார். அவரும் கடன் வாங்கித்தான் விதைத்திருக்கிறார்.

தண்ணீர் ஆறு விரல் கீழே.

அக்டோபர் 11

டீக்கடைக்குக் குளத்துத்தெரு வழியாகப் போனேன். சுருக்க வழி இதுதான்.

காசாம்பு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பேரனுக்குத் தீபாவளிக்குச் சட்டை எடுத்தாயிற்றாம். சொல்லிவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு நாளு ஏத்திக்கிட்டீங்க கண்டக்டரய்யா. இல்லங்கல. மிச்ச வழிக்கு?"

இன்று மோட்டார் ஓடவில்லை, வரிசையில் சிரிக்கவும் ஆள் இல்லை. "தெரியல" என்றேன். "இத நாளான்னிக்கி கூட்டத்துல வச்சே கேளு. எங்கிட்ட கேட்டத அவங்ககிட்டயும் கேளு. எல்லாரையும் கூட்டிட்டு வந்துடு."

"கூட்டிட்டு வந்து? ஓரமா நிக்கவா?"

"உக்காரத்தான்."

"எடம் இருக்குமா?"

"நான் போட்டு வைக்கிறேன்" என்றேன்.

அங்கிருந்து நேராகப் பந்தல்காரர் வீட்டுக்குப் போனேன். டீ குடிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் பத்தொன்பது நாற்காலி வேண்டும், கை வைத்ததாக, முதல் வரிசையில் போட வேண்டும் என்று சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வீட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"நடவு" என்றேன்.